மாமிக்கு வைத்தியம் கிடைத்தது, எனக்கு?

வயது போனவர்கள் நிலைதவறிக் கதைக்கத் தொடங்கினால் "அறளை பெயர்ந்து போச்சு" என்று சொல்லிவிட்டு அவரவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவது எங்கள் ஊர் வழக்கம். மாமியின் விடயத்தில் நானும் முதல் ஒன்றரை வருடம் அப்படித்தான் இருந்தேன். அது ஒரு நோய் என்பதும், அதைப் பார்க்க வைத்தியர்கள் இருக்கிறார்கள் என்பதும் பிந்தித்தான் தெரிந்தது. நோயாளியைப் பராமரிக்கிறவளும் உதவி கேட்கலாம் என்பது அதைவிடப் பிந்தித் தெரிந்தது. என்னைப்போல் இன்னொருத்தி பிந்தக்கூடாது என்பதற்காகவே, கொஞ்சம் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

மாமி முப்பத்தைந்து வருடம் கொட்டாஞ்சேனையில் குடியிருந்தவர். விடிந்தால் பொன்னம்பலவாணேசர் கோவில், செவ்வாய்க்கிழமையென்றால் கொச்சிக்கடை அந்தோனியார். ஜம்பட்டா வீதிக் கடைக்காரர்களுடன் சிங்களத்தில் பேரம்பேசி, கேட்ட விலையில் பாதிக்குச் சாமான் வாங்கிவரும் கெட்டிக்காரி. மாமா காலமான பின்னர் வீட்டை விற்று, அவரை எங்களுடன் வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு அழைத்து வந்தோம். மூன்றாம் மாடி. கீழே முற்றம் இல்லை, தெரிந்த முகம் இல்லை. நல்லதென்று நினைத்துத்தான் செய்தோம். ஆனால் அதுவரை பழக்கத்தினால் மறைந்திருந்த மறதியெல்லாம் புது வீட்டில் வெளியே வந்துவிட்டது. பழகிய வீட்டில் கால் தானாகக் குசினிக்குப் போகும். இங்கே ஒவ்வொரு கதவும் அவருக்கு ஒரு பரீட்சையாகிவிட்டது.

முதலில் கறிக்கு இரண்டு தரம் உப்பு. பிறகு காஸ் அடுப்பை மூட மறந்தார். அதன்பின் சிங்களம் போயிற்று. சந்தையில் மரக்கறிக்காரி கேட்டதற்கு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னாளில் படித்த மொழி முதலில் கழன்று, தாய்மொழி கடைசிவரை தங்குவது இந்நோயில் பலரிடம் காணப்படுவதாகும். எனக்கு அது அப்போது தெரியாது. வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு காப்பு விவகாரம் வந்தது. அவரே தலையணை உறைக்குள் ஒளித்து வைப்பார். வைத்ததை மறந்துவிட்டு, "என்ர காப்பைக் கழட்டினது நீதான். எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியே?" என்று வந்தவர் போனவர் முன்னிலையில் கேட்பார். இருபத்தேழு வருடம் அந்த மனிசிக்குச் சோறு போட்டவள் நான். கனடாவிலிருக்கும் மச்சாளிடம் தொலைபேசியில் சொல்லி அழுதால், "அம்மா என்னோட வடிவாத்தானே கதைக்கிறா அண்ணி, நீங்கள்தான் கூட யோசிக்கிறியள்" என்பாள். பத்து நிமிடத் தொலைபேசிக் கதையை இந்த நோயாளிகள் மிக அழகாகச் சமாளித்து விடுவார்கள் என்பது மச்சாளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இந்தச் சந்தேகம் நோயின் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. அலோயிஸ் அல்சைமர் என்ற ஜெர்மனிய வைத்தியர் 1901ஆம் ஆண்டு பிராங்பேர்ட் நகரில் முதன்முதலாகப் பரிசோதித்த பெண்ணின் பெயர் ஒகுஸ்ட. வயது 51. அவரிடம் முதலில் தெரிந்ததே கணவன் மீதான காரணமற்ற சந்தேகந்தான். 1906இல் அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து, அங்கே படிந்திருந்தவற்றை அதே வருடம் அல்சைமர் வைத்தியர் மகாநாடொன்றில் விளக்கினார். 1910இல் அந்நோய்க்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. புதிய ஞாபகங்களைப் பதிந்து வைக்கும் மூளைப்பகுதி முதலில் பழுதாவதால், காலையில் காப்பை ஒளித்தது பதிவாவதில்லை. காப்பு இல்லை என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. இடையிலுள்ள வெற்றிடத்தை மூளை 'யாரோ எடுத்துவிட்டார்கள்' என்று நிரப்பிக் கொள்கிறது. கிட்ட இருக்கிறவள்தான் கள்ளி.

வாசகியர் என்னை எப்படி நினைத்தாலும் சரி, அடுத்ததையும் சொல்லத்தான் வேண்டும். ஒருநாள் இரவு நான்காவது தரமாக எழுந்து வாசற்கதவைத் தட்டிக்கொண்டு நின்றவர் மேல் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கியது ஓங்கியதுதான். மாமி சுவரோடு ஒட்டிக்கொண்டு, "ரீச்சர், அடியாதேங்கோ, நான் பாடமாக்கிக்கொண்டு வாறன்" என்றார். எண்பது வயதுப் பெண், எட்டு வயதுப் பிள்ளையின் குரலில். அன்று விடியும்வரை குளியலறையில் இருந்து அழுதேன்.

மறுகிழமையே வைத்தியரிடம் போனோம். தெரிந்த ஒரு வைத்தியர் "வயசுதானே" என்று சத்து மாத்திரை எழுதித் தந்தார். ஒரு தனியார் வைத்தியசாலையில் ஞாபகப் பரிசோதனை என்று ஆங்கிலத்தில் கேட்டு, தாதி அரைகுறைத் தமிழில் பெயர்த்தார். 'இப்போது என்ன பருவகாலம்' என்பது ஒரு கேள்வி. குளிர்காலமும் இலையுதிர்காலமும் உள்ள நாட்டுக்காக 1975இல் அமெரிக்காவில் எழுதப்பட்ட, 30 புள்ளிகள் கொண்ட பரிசோதனை அது. மாமி, "மாம்பழக் காலம்" என்றார். பிழை என்று போட்டார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதற்கு, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்ன செய்வார்?

கடைசியில் அரசாங்க வைத்தியசாலையொன்றில் தமிழ் தெரிந்த உளமருத்துவர் ஒருவர் கிடைத்தார். அவர் மாமியிடம் கேட்டதைவிட என்னிடம் கேட்டது அதிகம். எப்போது தொடங்கியது, எது முதலில் போயிற்று, தானாகச் சேலை உடுத்துகிறாரா என்றெல்லாம். தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சலத்தில் கிருமி ஆகியவையும் இதேபோன்ற தடுமாற்றத்தைத் தரும், அவை மாற்றக்கூடியவை என்பதால் இரத்தப் பரிசோதனையும் தலை ஸ்கானும் செய்வித்தார். உங்கள் வீட்டிலும் இதைச் செய்யாமல் "அறளை" என்று முடிவுகட்ட வேண்டாம். மாமிக்கு அல்சைமர் என்றே உறுதியாயிற்று. தந்த மாத்திரை நோயை மாற்றாது, சிலருக்குச் சில காலம் நிலைமையைத் தாங்கிப் பிடிக்கும் என்றும் ஒளிக்காமல் சொன்னார். ராகமைப் பகுதியில் செய்யப்பட்டு 2003இல் வெளியான ஓர் ஆய்வு, 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு ஏறக்குறைய 4 பேருக்கு முதுமை மறதிநோய் இருந்ததாகக் கண்டது. அப்படியானால் எங்கள் தொடர்மாடியிலேயே எத்தனை கதவுக்குப் பின்னால் இது இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

வெளியே வரும்போது அந்த வைத்தியர், "அம்மாவுக்கு நான் இருக்கிறன். உங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

உளவளத்துணையாளர் தேடிய கதை தனிக்கதை. முதலில் போனவர் பத்து நிமிடத்தில், "மாமியைத் தாயாக நினைத்துப் பொறுமையாக இருங்கள், புண்ணியம்" என்றார். பொறுமை என்னிடம் இருந்திருந்தால் ஏன் அங்கே போகிறேன்? இரண்டாமவர் நல்லவர், ஆனால் ஆங்கிலத்தில்தான் கதைத்தார். எனக்கு ஆங்கிலம் தெரியும். கந்தோரில் கடிதம் எழுதத் தெரியும். ஆனால் மாமியின் சேலையை மாற்றும்போது எனக்கு வரும் அருவருப்பையும் அந்த அருவருப்பின் மேல் வரும் வெட்கத்தையும் சொல்ல ஆங்கிலத்தில் என்னிடம் சொல் இல்லை.

மூன்றாமவர் வெள்ளவத்தையிலேயே இருந்தார். பல வருடம் வடக்கிலே, காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுடன் வேலை செய்தவர். நான் மாமியைப் பற்றித் தொடங்கியதும் கையால் மறித்தார். "அவவைப் பற்றிப் பிறகு கதைப்பம். நீங்கள் கடைசியா விடியுமட்டும் நித்திரை கொண்டது எப்ப?" நான் அழத் தொடங்கினேன். அவர் மறிக்கவில்லை, தண்ணீரும் தரவில்லை, புத்தியும் சொல்லவில்லை. அன்றுதான் ஆளைக் கண்டுபிடித்தேன் என்று தெரிந்தது.

போலின் பொஸ் என்ற அமெரிக்கக் குடும்பநல ஆலோசகரைப் பற்றி அவர்தான் சொன்னார். வியட்நாம் போரில் காணாமற்போன படைவீரரின் குடும்பங்களைப் பார்த்துப் பொஸ் ஒரு கருத்தை உருவாக்கினார். முடிவு தெரியாத இழப்பு என்பது இருவகை. ஆள் இல்லை, ஆனால் மனதில் இருக்கிறார் என்பது ஒன்று. ஆள் எதிரே இருக்கிறார், ஆனால் அவர் அவராக இல்லை என்பது மற்றது. இரண்டுக்கும் செத்தவீடு இல்லை, அந்தியேட்டி இல்லை, அழுது முடிக்க ஒரு நாள் இல்லை. எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன. மாமியின் சின்ன மகன் 1990இல் காணாமற் போனவன். இத்தனை வருடம் அவனைப் பற்றி வாய்திறவாத மாமி, இப்போது ஒவ்வொரு மாலையும் "தம்பி வந்திட்டானோ?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்.

பத்துத் தடவைக்கு மேல் அவரிடம் போனேன். செய்தவை பெரிய விடயங்களல்ல. எந்த நேரத்தில் எனக்குக் கோபம் வருகிறது என்று ஒரு கொப்பியில் எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தால், நான் சாப்பிடாமலிருந்த பின்னேரங்களில்தான் பெரும்பாலும் சண்டை. கணவரையும் ஒருநாள் கூட்டிவரச் சொல்லி, வாரத்தில் இரண்டு இரவு அவர் தாயாரைப் பார்ப்பதென்று ஒழுங்கு செய்தார். இருபத்தேழு வருடத்தில் நான் கேட்டு நடக்காதது! காப்புக்கு ஒத்த பித்தளைக் காப்பு இரண்டு வாங்கி வைத்தோம். இங்கிலாந்தில் 260 பராமரிப்பாளர்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. இப்படியான எட்டு அமர்வுகள் பராமரிப்பவரின் மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைத்ததாக அது காட்டியது. அந்த அமர்வுகளை நடத்தியவர்கள் பெரிய நிபுணர்களல்ல, பயிற்சி பெற்ற இளம் உளவியல் பட்டதாரிகள். ஆகவே பெரிய பெயரைத் தேடி அலைய வேண்டாம். எங்கே பயின்றார், யாருடைய மேற்பார்வையில் இருக்கிறார், நம் மொழியில் கேட்பாரா என்று விசாரியுங்கள். இரண்டாம் சந்திப்பிலும் மனம் ஒட்டாவிட்டால் வேறொருவரைத் தேடுவதில் பிழை இல்லை.

பணம் கொடுத்துப் போக இயலாதவர்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்கலாம். கொட்டாஞ்சேனையார் கொழும்புப் பிரதேச செயலகத்துக்கும், வெள்ளவத்தையார் திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகத்துக்கும் உட்பட்டவர்கள். 60 வயதுக்கு மேற்பட்டோருக்கான முதியோர் அடையாள அட்டையையும் அங்கேயே கேளுங்கள். வழிதவறிப் போகக்கூடியவரின் கைப்பையில் ஒரு பிரதியும் உங்கள் தொலைபேசி இலக்கமும் இருக்கட்டும். 2001இல் தொடங்கிய இலங்கை அல்சைமர் மன்றம் கொழும்பு 10இல் உள்ளது. நோயாளருக்கான பகல்நேரச் செயற்பாடுகளும் பராமரிப்போருக்கான ஆலோசனையும் அதன் பணிகளாகும். நடு இரவில் தாங்கமுடியாமல் போனால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. 1974 முதல் இயங்கும் சுமித்ரயோவில், நம்மை யாரென்று விசாரியாமல் கேட்டுக்கொண்டிருக்கத் தொண்டர்கள் இருக்கிறார்கள். நான் ஒருமுறை 1926ஐ அழுத்திவிட்டு, மணி அடிக்க முன்பே வைத்துவிட்டேன். அடுத்த முறை வைக்கவில்லை.

மாமி நாளுக்கு நாள் குறைந்துகொண்டுதான் போகிறார். என் பெயர் போய் நாலு மாதமாகிறது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டு அக்காவை இருத்திவிட்டு ஒரு மணித்தியாலம் கடற்கரைப் பக்கம் நடக்கிறேன். முன்பானால் அதற்குள் நாலு தரம் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்திருப்பேன்.

"தம்பி வந்திட்டானோ?" என்ற கேள்விக்குத்தான் நெடுநாள் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் ஒவ்வொரு நாளும் அன்றுதான் கேட்டதுபோல் மார்பில் அடித்து அழுவார். "வருவான்" என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணவரோ கேள்வி வந்ததும் எழுந்து பல்கணிக்குப் போய்விடுவார். உளவளத்துணையாளரிடம் கேட்டேன். "அவ தகவல் கேக்கேல்லை, அவனைப் பற்றிக் கதைக்க ஆள் தேடுறா" என்றார்.

இப்போது மாலையில் அவர் கேட்டால் பக்கத்தில் போய் இருப்பேன்.

"தம்பிக்கு என்ன சாப்பாடு மாமி விருப்பம்?"

"பிட்டும் முட்டைப்பொரியலும். மிளகாய் கூடப் போட்டிடாதை, கண் கலங்குவான்" என்பார்.

நேற்று அவர் அப்படிச் சொன்னபோது, கணவர் பல்கணியிலிருந்து உள்ளே வந்து, "சின்ன வெங்காயம் போட்டாலும் தின்னமாட்டான், எல்லாத்தையும் பொறுக்கி என்ர கோப்பைக்குள்ள போடுவான்" என்றார்.