அழிக்கப்பட்ட 968

சென்ற மாதம் சித்தூரிலுள்ள நமது தமக்கையார் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். பதினோராம் வகுப்பில் பயிலும் மருமகன் கூடத்தில் அமர்ந்து, பௌதிகச் சோதனைக் குறிப்பேட்டில் ஓர் எண்ணை ரப்பரால் அழித்துக் கொண்டிருந்தான். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனை அது. செண்டிமீட்டர் கணக்கில் அவனுக்குக் கிடைத்தது 968.

"புத்தகத்தில் 980 என்றல்லவா மாமா இருக்கிறது? மார்க் போய்விடுமே!" என்றான். பிழைக்குக் காரணம் என்ற இடத்தில் "மனிதத் தவறு" என்று மட்டும் எழுதியிருந்தான்.

நாம் மெட்ரிகுலேஷனோடு நின்றவர். இரயில்வேயில் சீட்டுக் கொடுக்கும் குமாஸ்தா. மாலையில் பணம் ஐம்பது ரூபாய் குறைந்தால், "மனிதத் தவறு" என்றெழுதிக் கணக்கை மூடிவிட முடியுமா? எந்தச் சீட்டில், எவருக்குச் சில்லறை கூடுதலாகப் போயிற்று என்று தேடியாக வேண்டும். குறிப்பேட்டுக்கும் அதே நியாயந்தான்.

ஆகவே, சோதனையை வீட்டிலேயே மீண்டும் செய்து காட்டச் சொன்னோம். நிலைப்படியில் நூலைக் கட்டினான். 100 செண்டிமீட்டர் என்று அவன் அளந்தது நூலை மட்டுமே. ஊசலின் நீளமோ குண்டின் மையம் வரை செல்வது. குண்டின் ஆரம் ஒரு செண்டிமீட்டர். நீளத்தை 101 என்று வைத்துக் கணக்கிட்டதும் விடை ஏறக்குறைய 978 ஆயிற்று! தவறு யாருடையது என்பதன்று, எங்கே நுழைந்தது, விடையைக் கூட்டிற்றா குறைத்ததா, எவ்வளவு என்பதே எழுதத்தக்கது.

வேறு பிழைகளும் உண்டு. குண்டை விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினால், இருபது எண்ணும்போது பத்தொன்பது அலைவே முடிந்திருக்கும். விடை 1080ஐயும் தாண்டிவிடும். கடிகாரத்தை அமுக்குவதில் ஒரு முனையில் மட்டும் கால் விநாடி பிந்தினால், 40 விநாடிச் சோதனையில் பன்னிரண்டு எண் மாறும். அதிக அலைவுகளை எண்ணினால் அந்தப் பிழை சுருங்கும்.

இதில் ஒரு வேடிக்கை. புத்தகத்து 980 என்பது, 1901இல் கூடிய சர்வதேச அளவை மாநாடு பொது உபயோகத்திற்கென வகுத்த 980.665 என்பதன் சுருக்கம். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க ஈர்ப்பு குறையும். சித்தூர், திருப்பதிப் பக்கத்து அளவு சுமார் 978 தான். பிள்ளை எழுதத் துணிந்த 980 இவ்வூர்க் கணக்கே அன்று!

மாறுபட்டதை அழிக்காதவர் கதையையும் அவனுக்குச் சொன்னோம். 1923இல் கல்கத்தாவில், பாலக்காட்டைச் சேர்ந்த கே.ஆர்.ராமநாதன், ராமனின் ஆய்வில் துணைநின்று, நீர் சிதறும் ஒளியை ஆராய்ந்தார். எதிர்பாராத மங்கலான ஒளி ஒன்று தெரிந்தது. அசுத்தமே காரணமென ஐயுற்றுத் திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள், ஒளி மறையவில்லை. கண்டதைக் கண்டபடி பதிவு செய்தார். அவர் அதனை ஒருவகை ஒளிர்வு என்றே கருதினார். 1928இல் ராமனும் கே.எஸ்.கிருஷ்ணனும் அதன் உண்மை இயல்பைக் கண்டார்கள். 1930இல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மருமகன் 980ஐ அடித்துவிட்டு 968ஐத் திரும்ப எழுதினான். அதன் கீழே, ஆரம் விடுபட்டதையும் திருத்திய விடையையும் சேர்த்தான். மார்க் என்னவாகுமோ, திங்கட்கிழமை தெரியும்.

மறுநாள் திருப்பதிக்குத் திரும்பினோம். இரவு தொலைபேசி ஒலித்தது. "ஐம்பது அலைவு எண்ணினேன் மாமா. 976 வருகிறது. மீதி இரண்டு எங்கே போயிற்று?"