காற்றுப்பை

காற்றுப்பை அல்லது ஏர்பேக் என்பது மகிழுந்து மோதலுக்கு உள்ளாகும்போது நொடிப்பொழுதில் விரிந்து, பயணிகளின் தலையும் மார்பும் ஸ்டீயரிங், டாஷ்போர்டு போன்ற கடினமான பகுதிகளில் மோதாமல் காக்கும் கருவியாகும். மடித்து வைக்கப்பட்ட நைலான் துணிப்பை, அதனை நிரப்பும் வளிம உற்பத்திக் கலம், மோதலை உணரும் உணரிகள், இவற்றை இயக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியன இதன் முதன்மை உறுப்புகள். சீட் பெல்ட் எனப்படும் இருக்கைப் பட்டைக்குத் துணையாகவே இது வடிவமைக்கப்பட்டுள்ளது. அதற்கு மாற்று அன்று.

அடிப்படைக் கருத்து

மணிக்கு 50 கிமீ வேகத்தில் செல்லும் மகிழுந்து சுவரில் மோதினால் வண்டி நின்றுவிடும். உள்ளே இருப்பவரோ நிலைமத்தின் காரணமாக அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்வார். எப்படியும் அவர் நின்றே ஆகவேண்டும். எவ்வளவு தொலைவுக்குள் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே காயம் அமைகிறது. அவ்வேகத்தில் செல்லும் தலை 5 செமீ தொலைவுக்குள் நின்றால், அது உணரும் எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்காகும். 30 செமீ தொலைவில் சீராக நின்றால் அது ஏறத்தாழ 33 மடங்காகக் குறைகிறது. இந்தக் கூடுதல் தொலைவைத் தருவதே காற்றுப்பையின் பணி எனலாம். விசையை முகத்தின் ஒரே இடத்தில் குவியவிடாமல் பரப்புவதும் அதன் மற்றொரு பயன்.

செயற்படும் விதம்

தொடக்ககால உணரிகளில், ஒரு குழாய்க்குள் காந்தத்தால் பிடித்து வைக்கப்பட்ட எஃகுக் குண்டு மோதலின்போது விடுபட்டு உருண்டு மின்சுற்றை மூடியது. இக்காலத்தில் சிலிக்கன் சில்லில் அமைந்த நுண்ணிய முடுக்கமானிகள் பயன்படுகின்றன. உண்மையில் கடினமான பகுதி பையை நிரப்புவது அன்று, முடிவெடுப்பதே. சாலைப் பள்ளத்தில் இறங்கும் அதிர்ச்சிக்கும் உயிரைப் பறிக்கும் மோதலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டுப்பாட்டுக் கருவி 15 முதல் 30 மில்லிநொடிக்குள் அறியவேண்டும்.

பையினுள் காற்று அடைக்கப்படுவதாகப் பலர் எண்ணுகின்றனர். எந்த எக்கியும் அவ்வளவு விரைவாகச் செயற்படாது. எனவே வேதிவினையே கைக்கொள்ளப்படுகிறது. நெடுங்காலம் பயன்பட்ட சோடியம் அசைடு, ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் சோடியமாகவும் நைட்ரசன் வளிமமாகவும் சிதைகிறது. 130 கிராம் அசைடு, திட்ட வெப்ப அழுத்த நிலையில் 67 லிட்டர் நைட்ரசனைத் தரும். எஞ்சும் சோடியம் தீங்கானது என்பதால், உடன் சேர்க்கப்பட்ட பொட்டாசியம் நைட்ரேட்டும் சிலிக்காவும் அதனைத் தீங்கற்ற கண்ணாடி போன்ற பொருளாக மாற்றிவிடும். அசைடு நச்சுப்பொருள், ஆகவே 1990களிலிருந்து குவானிடின் நைட்ரேட் போன்ற வேறு எரிபொருள்கள் அதன் இடத்தைப் பிடித்தன.

பை நிரம்புவதற்கு மேலும் 20 முதல் 30 மில்லிநொடி ஆகும். கண் இமைப்பதற்கு இதைவிடக் கூடுதல் நேரம் தேவை. தலை பையைத் தொடும்போது, பின்புறத் துளைகள் வழியே வளிமம் வெளியேறத் தொடங்கியிருக்கவேண்டும். துளைகள் இல்லையெனில் பை பந்தைப்போல் தலையைத் திருப்பி எறிந்துவிடும். அப்போது பறக்கும் வெண்ணிறத் தூளைத் தீப்புகை என எண்ணி அஞ்சுவோர் உண்டு. அதில் பெரும்பகுதி, மடிப்புகள் ஒட்டாதிருக்கத் தூவப்பட்ட டால்க் அல்லது சோளமாவு ஆகும்.

வரலாறு

செருமனியின் வால்ட்டர் லிண்டரர், அமெரிக்காவின் சான் எட்ரிக் ஆகிய இருவரும் 1953இல் தனித்தனியே காப்புரிமை பெற்றனர். அவர்கள் பயன்படுத்த எண்ணிய அழுத்தப்பட்ட காற்று போதிய விரைவைத் தரவில்லை. செனரல் மோட்டார்சு நிறுவனம் 1973இல் தன் ஓல்ட்சுமொபில் டொரனாடோ வண்டியில் காற்றுப்பையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் புதிய மகிழுந்துகளில் ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 சூலை முதல் கட்டாயமாக்கப்பட்டது. முன்னிருக்கைப் பயணிக்கான பை 2021இல் கட்டாயமானது.

தீங்குகள்

பை மணிக்கு ஏறத்தாழ 300 கிமீ வேகத்தில் வெளிப்படுகிறது. அமெரிக்க விதிகள், பட்டை அணியாத, நடுத்தர உடலமைப்புக் கொண்ட ஆண் பொம்மையையும் பை காக்கவேண்டும் எனக் கோரியதால், 1990களில் பைகள் மிகுந்த விசையுடன் அமைக்கப்பட்டன. இதன் விளைவாகச் சிறு மோதல்களிலும் குழந்தைகளும் குள்ளமான பெண்களும் உயிரிழந்தனர். 1990 முதல் 2008 வரை அந்நாட்டில் 290க்கும் மேற்பட்டோர் இவ்வாறு இறந்தனர். பெரும்பாலோர் பட்டையை அணியாதவர்கள் அல்லது முறையாக அணியாதவர்கள். பின்னர் விசை குறைக்கப்பட்டு, இருநிலைகளில் விரியும் பைகள் வந்தன.

ஓட்டுநரின் மார்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே குறைந்தது 25 செமீ இடைவெளி வேண்டும். பின்னோக்கி அமையும் மழலையர் இருக்கையை, இயங்கும் காற்றுப்பைக்கு முன் ஒருபோதும் வைக்கலாகாது. பை நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னுள்ள பகுதியைத் தாக்கும்.

சப்பானின் டக்காட்டா நிறுவனம் அம்மோனியம் நைட்ரேட்டை எரிபொருளாகப் பயன்படுத்தியது. பல ஆண்டுகள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் இருந்த அப்பொருள் அளவுக்கு மீறிய விரைவில் எரிந்ததால், உலோகக் கலம் வெடித்துச் சிதறல்கள் பயணிகளைத் தாக்கின. 2008 முதல் பல கோடி கலங்கள் திரும்பப் பெறப்பட்டன. நிறுவனம் 2017இல் நொடித்தது. 2014இல் அமெரிக்காவில் புளோரிடா, அவாய் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளின் வண்டிகளுக்கே முன்னுரிமை தரப்பட்டது குறிப்பிடத்தக்கது.