கைப்பேசியும் ஆங்கில எழுத்துக்கூட்டலும்

அம்பத்தூரை அடுத்த பாடியின் பெயரை ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகளால் எழுதுகிறோம். அவற்றுள் கடைசி இரண்டும் இடம் மாறினால் 'பெய்டு', அதாவது 'பணம் செலுத்தப்பட்டது' என்றாகிவிடும்! சொல்லை மட்டும் பார்க்கும் கைப்பேசிச் செயலி இதனைப் பிழையென்று காட்டாது. 'பெய்டு' அகராதியில் உள்ள சொல்லே அன்றோ?

கடன் மனு எழுதும் அங்கத்தினர்கள் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம். சாயத்துக்கும் சாவுக்கும் ஆங்கிலத்தில் ஒலி ஒன்றே, 'டை'. கடனின் அசலும் கூட்டுறவுக் கோட்பாடும் காதுக்கு ஒரே 'பிரின்சிபல்'தான். எழுத்திலோ ஈறு வேறு. 'ரிசீட்' என்னும் சொல்லில் ஒலிக்காமல் நிற்கும் 'பி', இலத்தீன் மூலத்தை நினைந்து பிற்காலத்தில் புகுத்தப்பட்டது. ரசீது எழுதுவோருக்கு அதனால் வந்த தொல்லை கொஞ்சமன்று.

ஆதலின், தானே திருத்தும் வசதியை முதலில் நிறுத்திவிடுக. மொழித் தெரிவில் 'ஆங்கிலம் (இந்தியா)' இருக்கட்டும். அமெரிக்க முறையாயின், வங்கிக் காசோலைக்கு நாம் எழுதும் 'செக்' கூடப் பிழையெனக் கோடிடப்படலாம். பயிற்சிக்குச் செயலியைச் சொல்லை உரக்கச் சொல்லவிட்டு, காகிதத்தில் எழுதி, அதன்பின் திரையோடு ஒப்பிடுக. விரலைவிடப் பேனா நன்கு நினைவில் நிறுத்தும் என்பது நம் கருத்து.

பெயரை மட்டும் செயலியிடம் விடலாகாது. ஆதார் அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்துப் பார்த்தே எழுதுக.