கொள்கை சார் வழிப்படுத்தல்

கொள்கை சார் வழிப்படுத்தல் என்பது, ஒரு தரவுப் பொதி எங்கே போகிறது என்பதை மட்டும் பாராமல், எங்கிருந்து வருகிறது, எந்தப் பணிக்கானது என்பவற்றையும் பார்த்துப் பாதையை முடிவு செய்யும் முறையாகும். ரவுட்டர் எனப்படும் திசைவிகளிலும், வழிப்படுத்தும் திறனுள்ள சுவிட்சுகளிலும் இது பயன்படுகிறது. சுருக்கமாகப் பிபிஆர் என்பர்.

ஒப்புமை

விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு இரண்டு இரயில் பாதைகள் உள்ளன. விருத்தாசலம், அரியலூர் வழியாகச் செல்லும் கார்டு லைன் குறுகியது. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகச் செல்லும் மெயின் லைன் நீண்டது. சேருமிடம் மட்டுமே கணக்கென்றால் எல்லா வண்டிகளும் குறுகிய பாதையிலேயே செல்லும். ஆனால் வைகை விரைவு வண்டி விருத்தாசலம் வழியாகவும், சோழன் விரைவு வண்டி கும்பகோணம் வழியாகவும் திருச்சியை அடைகின்றன. எந்த வண்டி, யாருக்கானது என்பதே பாதையை முடிவு செய்கிறது. கொள்கை சார் வழிப்படுத்தலும் இத்தகையதே.

வரலாறு

வலையமைப்புகளுக்கிடையே கொள்கைப்படி வழிப்படுத்துவது குறித்து 1989இல் ஆர்எஃப்சி 1102, 1104 ஆகிய ஆவணங்கள் வெளியாயின. 1999இல் வெளிவந்த லினக்ஸ் கெர்னல் 2.2 பதிப்பில், பல வழி அட்டவணைகளை வைத்துக்கொண்டு விதிப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது.

எடுத்துக்காட்டு

விருத்தாசலத்தில் பீங்கான் பொருள் செய்யும் ஒரு தொழிற்கூடத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அலுவலகக் கணினிகள் 192.168.10.0/24 வலையமைப்பிலும், சூளையைக் கண்காணிக்கும் கேமராக்கள் 192.168.20.0/24 வலையமைப்பிலும் உள்ளன. விலை உயர்ந்த ஃபைபர் இணைப்பு ஒன்றும், மலிவான பிராட்பேண்ட் இணைப்பு ஒன்றும் இருக்கின்றன. கேமராப் படங்கள் ஃபைபரை அடைத்துக்கொண்டால் ஆர்டர், பில் வேலைகள் தாமதமாகும். எனவே கேமராப் பொதிகளை மட்டும் 192.168.1.1 என்ற பிராட்பேண்ட் மோடத்துக்கு அனுப்ப வேண்டும்.

அமைக்கும் படிகள்

சிஸ்கோ வகைக் கருவிகளில் அமைப்பு மூன்று படிகளைக் கொண்டது.

1. அக்சஸ் லிஸ்ட் எழுதுதல்: கேமரா வலையமைப்பிலிருந்து அலுவலக வலையமைப்புக்குச் செல்பவற்றுக்கு முதலில் 'டினை', கேமரா வலையமைப்பின் மற்ற பொதிகளுக்கு அடுத்து 'பெர்மிட்'.
2. ரூட்-மேப் எழுதுதல்: 'மேட்ச்' வரியில் அந்தப் பட்டியலையும், 'செட் ஐபி நெக்ஸ்ட்-ஹாப்' வரியில் 192.168.1.1 என்பதையும் குறித்தல்.
3. பொருத்துதல்: கேமராப் பொதிகள் உள்ளே வரும் முகப்பில் 'ஐபி பாலிசி ரூட்-மேப்' கட்டளையை இடுதல். வெளியேறும் முகப்பில் இட்டால் பயன் இல்லை.

விதிக்குப் பொருந்தாத பொதிகள் வழக்கமான வழி அட்டவணைப்படியே செல்லும். 'ஷோ ரூட்-மேப்' கட்டளை, எத்தனை பொதிகள் விதிக்குப் பொருந்தின என்று காட்டும்.

கவனிக்க வேண்டியவை

- இங்கே 'டினை' என்பது பொதியைத் தடுப்பதன்று. இந்த விதியிலிருந்து விலக்கு அளிப்பதாகும். அந்த வரியை விட்டுவிட்டால், அலுவலகக் கணினிக்கு வர வேண்டிய சூளைப் படமும் மோடத்துக்குப் போய்விடும். அலுவலகத்தில் படம் தெரியாது.
- மோடத்துக்கு அப்பால் இணைப்பு அறுந்தாலும், மோடத்தோடு இணைந்த கம்பி உயிருடனேயே இருக்கும். திசைவி தொடர்ந்து அங்கேயே பொதிகளை அனுப்பும், அவை காணாமற்போகும். வெளியே உள்ள ஒரு முகவரியை இடையறாது சோதித்து, பதில் வராதபோது விதியைக் கைவிடும் ஏற்பாடு தேவை.
- திரும்பி வரும் பாதையும் சரியாக இருக்க வேண்டும். கேமரா வலையமைப்புக்கான வழியை மோடம் அறிந்திருக்க வேண்டும். அல்லது திசைவியே முகவரி மாற்றத்தைச் செய்ய வேண்டும்.
- கேட்டலிஸ்ட் 3560, 3750 போன்ற சுவிட்சுகளில் முதலில் நினைவகப் பங்கீட்டை 'ரூட்டிங்' முறைக்கு மாற்றி, சுவிட்சை மறுபடி தொடங்க வேண்டும். அப்போது வலையமைப்பு சற்று நேரம் நின்றுவிடும் என்பதால், பணி நேரத்தில் இதைச் செய்வது நல்லதன்று.

விதிகள் பெருகப் பெருகப் பிழையைக் கண்டறிவது கடினமாகும். வழி அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு, பொதி வேறு பாதையில் செல்லும் காரணம் புலப்படாது. எனவே சேருமிடத்தைக் கொண்டே தீர்க்கக்கூடியவற்றை வழக்கமான வழிப்படுத்தலுக்கே விட்டு, ஒவ்வொரு கொள்கை விதியின் நோக்கத்தையும் எழுதி வைப்பது நல்ல நடைமுறை.