மும்பையில் நம் இலைச் சாப்பாடு

மும்பை செல்வோர் வடா பாவ் உண்பதோடு நின்றுவிட வேண்டியதில்லை. வேலை தேடித் தெற்கிலிருந்து தனியே வந்தோருக்குக் குறைந்த செலவில் வயிறார உணவளித்து வளர்ந்தவை மாட்டுங்கா உணவகங்கள்; அவற்றையும் காண வேண்டும்.

மாட்டுங்கா ரயில் நிலையத்தின் அருகே, ராம நாயக் 1942-இல் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கில் இன்றும் வாழையிலையில் சாப்பாடு பரிமாறப்படுகிறது. அண்மையிலுள்ள ராம் ஆஷ்ரய் உணவகத்தில் அன்னாசிப்பழக் கேசரியும், கிங்ஸ் சர்க்கிளில் 1940 முதல் இயங்கும் கஃபே மெட்ராஸில் ரச இட்லியும் பெயர்பெற்றவை. விடுமுறை நாள்களில் வரிசையில் காத்திருக்க நேரிடும்; காலையிலேயே செல்வது நன்று.

கிழக்கே செம்பூர் முகாமில், பிரிவினைக்குப் பின் குடியேறிய சிந்தி மக்களின் தால் பக்வான் கிடைக்கும். மொறுமொறுப்பாகப் பொரித்த மைதா ரொட்டியுடன் கடலைப்பருப்பைச் சேர்த்து உண்பதே அது.

மாட்டுங்காவை அடுத்த தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் விடியுமுன் அவிக்கும் இட்லி, மிதிவண்டிகளில் நகரெங்கும் செல்கிறது. அப்பாத்திரம் காலியானால்தான் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் உறுதியாகும். தெருவில் அவர்களைக் கண்டால் இரண்டு இட்லி வாங்கி உண்ணுங்கள். கையில் சில்லறையும் வைத்திருங்கள்.