இரைப்பை சுருங்கிய பிறகு

அளவுக்கு மீறிய உடற்பருமனால் நெடுங்காலம் அவதியுற்று, பத்தியமும் விரதமும் நடைப்பயிற்சியும் கைகொடாமற்போய், கடைசியில் இரைப்பையைச் சுருக்கும் சஸ்திர சிகிச்சைக்கு இசைகின்ற ஒருவர், தேர்ந்த நிபுணரின் கையில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதை முடித்துக்கொண்டு, இரண்டு மூன்று நாட்களில் வயிற்றில் நாலைந்து சிறு தழும்புகளோடு வீடு திரும்பிவிடுகிறார். உற்றார் உறவினருக்கு அத்துடன் காரியம் முடிந்ததாகத் தோன்றுகிறது. செலவைப் பற்றியும் மயக்க மருந்தைப் பற்றியும் இருந்த பயமெல்லாம் நீங்கிவிட்டபடியால், இனி உடம்பு தானாகவே இளைத்துக்கொள்ளும் என்ற நிம்மதியில் அவரவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நோயாளியின் உழைப்பு அந்த வேளையில்தான் ஆரம்பமாகிறது என்பதையும், அவ்வுழைப்புக்கு வேண்டிய துணை முழுவதும் வைத்தியரிடத்திலோ குடும்பத்தாரிடத்திலோ கிடைத்துவிடுவதில்லை என்பதையும், அதே வழியில் முன்னரே நடந்துபோன ஒருவரின் அருகாமை சிகிச்சையின் ஓர் அங்கமே என்பதையும் எடுத்துச் சொல்வதே என் நோக்கம்.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எட்வர்ட் மேசன் என்ற சஸ்திர வைத்தியர், வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை நீக்கிக்கொண்ட பெண்கள் பிற்பாடு மெலிந்துபோவதையும், மீண்டும் எடை கூட முடியாமல் தவிப்பதையும் கவனித்து, அந்தத் தீங்கையே ஸ்தூல சரீரிகளுக்கு நன்மையாக மாற்றலாமே என்று கருதி, 1966இல் இரைப்பை பைபாஸ் என்ற முறையைத் தொடங்கினார். வயிற்றைத் திறவாமல் சிறு துவாரங்கள் வழியாகவே அதைச் செய்யும் லேப்ராஸ்கோப் முறையை விட்குரோவ், கிளார்க் என்னும் இருவர் 1994இல் வெளியிட்ட பிறகு, வலியும் படுக்கை நாட்களும் வெகுவாகக் குறைந்தன. இன்று சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெரும்பாலும் நடப்பவை இரண்டு: இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு மீதியை ஒரு குழாய்போல் தைத்து விடும் ஸ்லீவ் ஒன்று, இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்தெடுத்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துவிடும் பைபாஸ் மற்றொன்று.

இடம் குறைந்ததனால் மட்டுமே உடல் இளைக்கிறது என்று எண்ணுவது பிழை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பை 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அது மிகுதியாகச் சுரப்பது இரைப்பையின் மேல் வளைவில். ஸ்லீவ் சிகிச்சையில் வெட்டி எடுக்கப்படுவதும் அந்த வளைவே. பைபாஸிலோ, உணவு குடலின் கீழ்ப்பகுதியை விரைவில் சென்றடைவதால், திருப்தியை மூளைக்கு உணர்த்தும் வேறு சில சுரப்புகள் பெருகுகின்றன; நீரிழிவு உள்ளவர்கள் பலருக்கு உடல் இளைப்பதற்கு முன்பே, சில நாட்களுக்குள், சர்க்கரை இறங்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, பல வருஷங்களாகப் பசியோடு போராடித் தோற்றவர்களை மனோதிடம் இல்லாதவர்கள் என்று பழித்த நாமெல்லோரும், அவர்கள் போராடியது தங்கள் உடம்பின் இரசாயனத்தோடு என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்ளவேண்டும்.

சிகிச்சை முடிந்த முதல் வாரத்தில் நோயாளியின் கையில் இருப்பது, மருந்து அளப்பதற்குக் கொடுக்கப்படும் 30 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் கிண்ணம். அதில் நீரையோ, வடிகட்டிய பருப்புத் தண்ணீரையோ, நீர்மோரையோ ஊற்றி, ஒரே மடக்கில் விழுங்காமல், கால் மணி நேரம் வைத்துக்கொண்டு நுனி நாக்கால் தொடுவதுபோல் உறிஞ்சவேண்டும். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து கடகடவென்று குடித்துப் பழகிய நம்மவருக்கு இதைவிடக் கடினமான தவம் வேறில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துக் குழைந்த உணவு. பிறகு மிருதுவான உணவு. நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள் படிப்படியாகக் கெட்டியான ஆகாரம். அப்போதும் உண்ணும்போது தண்ணீர் குடிக்கலாகாது. உண்டு அரைமணி நேரம் சென்றபின்தான் குடிக்கலாம். இரண்டு கவளம் அவசரமாக உள்ளே போய்விட்டாலும், கட்டியான சோறோ காய்ந்த சப்பாத்தியோ சரியாக மெல்லப்படாமல் இறங்கினாலும், மார்புக்கு நடுவே ஒரு கல்லை வைத்து அழுத்துவதுபோல் வலித்து, வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறி, அது வெளியே வரும்வரையில் மனிதர் நிமிர முடியாமல் உட்கார்ந்திருப்பார்.

பைபாஸ் செய்துகொண்டவர்கள் இனிப்பை உண்டால் நேர்வது வேறு வகை. சர்க்கரை நேராகக் குடலில் போய் விழுவதால், கால் மணி, அரைமணிக்குள் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப் பிடுங்கலும் உண்டாகி, படுத்தால் போதும் என்றாகிவிடும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து கை நடுங்கும். ஆஸ்பத்திரியில் இதை டம்பிங் என்கிறார்கள். கலியாண வீட்டுப் பாயசத்தில் இரண்டு கரண்டி இதற்குப் போதுமானது.

இவற்றோடு, ஆயுள் முழுவதும் விடக்கூடாத சத்து மாத்திரைகள் உண்டு. இரும்புச்சத்து, பி12, டி வைட்டமின், சுண்ணாம்புச்சத்து ஆகியவற்றை உடம்பு முன்போல் கிரகிப்பதில்லை. இரும்பையும் சுண்ணாம்பையும் ஒரே வேளையில் விழுங்கினால் ஒன்று மற்றொன்றைத் தடுத்துவிடுமாதலால், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடவேண்டும். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்று வைத்தியர் சொல்லும்போது தலையாட்டிவிட்டு வருகிற மரக்கறி உணவுக்காரர், வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தால்தான், ஒரு கிண்ணம் சாம்பாரில் இருக்கும் பருப்பு எவ்வளவு சொற்பம் என்பது தெரியும். பனீர், தயிர், பயறு, சோயா, அதற்குமேல் புரதப் பொடி என்று நாள் முழுவதையும் பங்கிட்டால்தான் அந்தக் கணக்கு நிறையும்.

வைத்தியர் இவற்றையெல்லாம் அச்சிட்ட தாளில் கொடுக்கிறார். ஆனால் அந்தத் தாள் பேசாத விஷயங்கள் பல. நம் சமுதாயத்தில் உணவு உபசாரத்தின் பாஷை. பரிமாறுகிறவர் கையைத் தடுப்பது அவரையே தடுப்பதாகக் கருதப்படுகிறது. அரை இட்லியோடு எழுந்திருக்கும் மருமகளைப் பார்த்து மாமியார் மனம் புண்படுகிறார். வேகமாக இளைத்தவரைக் கண்டு, "என்னம்மா, சர்க்கரையா? டாக்டர்கிட்டக் காட்டினியா?" என்று தெருவில் துக்கம் விசாரிக்கிறார்கள். உண்மையைச் சொன்னாலோ, வாயைக் கட்ட முடியாமல் வயிற்றைக் கட்டிக்கொண்டதாக ஏளனம். இதனால் பலர், குறிப்பாகக் கலியாணமாகாத பெண்கள், சிகிச்சையையே மறைத்து, குடல் இறக்கமென்றும் பித்தப்பைக் கல்லென்றும் கூறிவிடுகிறார்கள். மறைக்கிறவருக்கு எந்தச் சந்தேகத்தையும் யாரிடத்திலும் கேட்க வாய்ப்பில்லை. இந்தத் தனிமை, என் கருத்தில், தையல் பிரிவதற்கு அடுத்தபடியான அபாயம்.

அமெரிக்காவில் 1999இல் கார்னி வில்சன் என்ற பாடகி தம்முடைய பைபாஸ் சிகிச்சையை இணையத்தின் வழியே உலகமே பார்க்கும்படி நேரடியாக ஒளிபரப்பச் சம்மதித்தார். எல்லோருக்கும் அத்தகைய துணிச்சல் வேண்டும் என்று நான் சொல்லவில்லை; உலகத்துக்குச் சொல்லவேண்டிய கடமை எந்த நோயாளிக்கும் கிடையாது. ஆனால் பத்துப் பேர் கூடும் ஓர் அறையிலாவது அவர் ஒளிக்காமல் பேச முடியவேண்டும். அமெரிக்க சஸ்திர வைத்தியர் கல்லூரியும் பேரியாட்ரிக் என்னும் உடற்பருமன் சிகிச்சைக்கான அந்நாட்டுச் சங்கமும் சேர்ந்து நடத்தும் அங்கீகாரத் திட்டத்தில், ஆதரவுக் குழுக் கூட்டங்களை ஒழுங்காக நடத்துவதும் ஆஸ்பத்திரிகளின் கடமைகளுள் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பது இந்தக் காரணம் பற்றியே.

அவ்வாறான கூட்டம் ஒன்றில் நடப்பது வெகு சாதாரணமான பேச்சுத்தான். ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். ஆகார ஆலோசகர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். நான்காம் மாதத்தில் இருக்கும் ஓர் இளம்பெண், கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே, "அக்கா, சீப்பு வெச்சா கொத்துக் கொத்தா வருது. மொட்டையாயிடுவேனோன்னு பயமா இருக்கு" என்கிறாள். எதிரே இருப்பவர் மூன்றாண்டுக்கு முன் சிகிச்சை செய்துகொண்ட பள்ளிக்கூட ஆசிரியை. அவர் குனிந்து தம் நெற்றியோரத்தைக் காட்டி, "எனக்கும் இதே மாசத்துலதான் கொட்டிச்சு. பத்தாம் மாசம் இங்கேயெல்லாம் குச்சி குச்சியா முளைச்சது பாரு. அது கிடக்கட்டும், புரோட்டீன் எவ்வளவு எடுக்கறே? அதைச் சொல்லு முதல்ல" என்கிறார். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடி உதிர்வதும், போஷாக்கு சரியாக இருந்தால் அது மறுபடி வளர்வதும் சகஜமென்று வைத்தியர் முன்பே சொல்லியிருப்பார். அந்தப் பெண் அதை நம்பியும் இருப்பாள். எனினும் அவள் தோள்கள் தளர்ந்து அமர்வது அந்த நெற்றியோரத்து முடியைக் கண்ட பிறகே.

அடுத்து ஒரு மளிகைக் கடைக்காரர் பந்தியைச் சமாளிக்கும் தம் உபாயத்தைச் சொல்கிறார்: பரிமாற வருகிறவர் கண்ணில் வெறும் இலை படக்கூடாதாம், முதலில் வைத்த கூட்டையும் பொரியலையும் அப்படியே விட்டு, அவற்றையே கிள்ளிக் கிள்ளி உண்டுகொண்டிருந்தால் ஒருவரும் வற்புறுத்தமாட்டார்களாம், பாயசம் வரும்போது பக்கத்திலிருக்கும் மகனுடைய இலையைக் கையால் சுட்டிவிடுவாராம். எந்த வைத்திய நூலிலும் இது இராது. தொங்கும் தோலைப் பற்றியும், பழைய துணிகளைக் கொடுத்துவிடலாமா என்பது பற்றியும், மூன்று வாரமாக முள் நகராத தராசைப் பற்றியும் கேள்விகள் எழுகின்றன. கணவரோடு வந்தவர்கள் சிலர். அவர்களுக்கும் ஒரு மூலையில் தங்கள் பாட்டைச் சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அனுபவசாலி வைத்தியராகிவிடமாட்டார். "நான் மாத்திரையை நிறுத்தி ஒரு வருஷமாச்சு, ஒன்றும் ஆகவில்லை" என்று நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் ஒரு வாக்கியம் மற்றொருவரை முடமாக்கக்கூடும்; பி12 குறைவு பல வருஷம் ஒளிந்திருந்து நரம்பைத் தாக்கும். முதல் வாரங்களில் இருதயம் காரணமின்றி வேகமாக அடித்தாலும், காய்ச்சலோ வயிற்றிலும் தோளிலும் வலியோ கண்டாலும், தையல் கசிகிறதா என்று அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி பார்க்கவேண்டும். நாட்கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்து மூளையே பாதிக்கப்படலாம். பைபாஸ் செய்துகொண்டவர் மூட்டு வலிக்குத் தாமே கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினால், இணைப்பு உள்ள இடத்தில் புண் உண்டாகக்கூடும். நல்ல குழு என்பது இத்தகைய கேள்விகள் எழுந்தவுடன் பேச்சை நிறுத்தி ஆளை வைத்தியரிடம் அனுப்பத் தெரிந்த குழு. ஆகார ஆலோசகரோ செவிலியரோ கூட இருக்கவேண்டியது அதற்காகவே. இளம்பெண்களுக்குச் சொல்லவேண்டியது இன்னொன்றும் உண்டு: எடை குறைந்ததும் கருத்தரிக்கும் சக்தி விரைவில் திரும்பிவிடக்கூடும், ஆனால் ஒன்று, ஒன்றரை வருஷம் வரையில் கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவதே தாய்க்கும் சேய்க்கும் க்ஷேமம்.

மதுவைப் பற்றிப் பேச நம் ஊரில் கூசுகிறார்கள்; அதனாலேயே பேசவேண்டும். பைபாஸுக்குப் பின் மது வெகு விரைவில் இரத்தத்தில் ஏறுகிறது. அமெரிக்காவில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிடப்பட்ட ஓர் ஆராய்ச்சியில், மதுவால் துன்புறுவோர் விகிதம் சிகிச்சைக்கு முன் 7.6 சதவிகிதமாக இருந்து, முதலாண்டில் ஏறாமல், இரண்டாமாண்டில் 9.6 சதவிகிதமாக உயர்ந்தது. பாராட்டெல்லாம் ஓய்ந்து, எடை இறங்குவதும் நின்று, உடல் மாறியும் வாழ்க்கையின் பழைய துயரங்கள் மாறாமல் நிற்கும் காலம் அது. பல ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுவதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

சுவீடனில் 1987இல் தொடங்கி, சுமார் நாலாயிரம் பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. சஸ்திர சிகிச்சை பெற்ற தொகுதியில் மரணங்கள், பெறாத தொகுதியைக் காட்டிலும் கணிசமாகக் குறைந்திருந்தன என்று 2007இல் அது காட்டிற்று. அதே ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு வருஷங்களில் சராசரியாக எடையில் 32 சதவிகிதம் இழந்திருந்து, பத்தாவது ஆண்டில் அந்த இழப்பு 25 சதவிகிதமாகச் சற்றுக் குறைந்திருந்தது. கொஞ்சம் எடை திரும்புவது இயற்கை. பெரும்பகுதி நிலைத்து நிற்கிறது. இந்த இரண்டு எண்களையும் முன்கூட்டியே அறிந்திருந்தால், ஐந்தாம் வருஷத்தில் ஆறு கிலோ ஏறியவர் தாம் தோற்றுவிட்டதாக எண்ணி முகத்தை மறைத்துக்கொள்ளமாட்டார். வெட்கத்தால் வராமல் நின்றுவிட்டவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "எடையைப் பத்திக் கேக்க மாட்டோம், வாங்க" என்று அழைக்கும் குழுவே தன் வேலையைச் செய்கிறது.

ஆதலால், சிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன், செலவையும் வைத்தியரின் அனுபவத்தையும் விசாரிக்கிற அதே சிரத்தையோடு, இந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை செய்துகொண்டவர்கள் எங்கே, எப்போது கூடுகிறார்கள், ஐந்து வருஷம் ஆனவர்கள் அதற்கு வருகிறார்களா, சிகிச்சைக்கு முன்பே நான் ஒரு தடவை வந்து உட்காரலாமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. அத்தகைய கூட்டம் இல்லாத ஊரானால், முன்பு சிகிச்சை பெற்ற இரண்டு பேரை அவர்களுடைய சம்மதத்தோடு அறிமுகப்படுத்தி வைக்கும்படி ஆகார ஆலோசகரைக் கேட்கலாம். மாதம் ஒருமுறை அந்த மூவர் கூடிப் பேசினாலே குழு ஆரம்பித்தாயிற்று.