ஆழம் அறிந்து பாய்க



‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்பது நம் முன்னோர் மொழி. காலை விடுவதற்கே இத்துணை எச்சரிக்கை வேண்டுமென்றால், தலையை முன்னே விட்டுப் பாய்கின்றவனுக்கு எத்துணை எச்சரிக்கை வேண்டும்! பொது நீச்சல் குளங்களில், நீந்தும் தடம் ஒவ்வொன்றின் முனையிலும் சிறு மேடை ஒன்று நிற்பதைக் கண்டிருப்பீர்கள். ஸ்டார்ட்டிங் பிளாக் என வழங்கும் அதனை நாம் தொடக்க மேடை என்று சொல்வோம். பயிற்சியாளர் இல்லாமல் அதில் ஏறலாகாது என்பது பல குளங்களில் உள்ள விதி. அவ்விதி ஏன் பிறந்தது என்பதையே இன்று பேச விரும்புகிறேன். அதனைப் பேச எனக்கு ஒரு கடமையும் உண்டு.

கல்லூரியில் பயின்ற நாளில், நண்பர் நால்வர் ஒரு நகரத்துக் குளத்திற்கு நீந்தச் செல்வோம். ஒரு மாலை, போட்டி வீரர்கள் பயிற்சி முடித்துச் சென்றபின் மேடைகள் வெறுமையாய் நின்றன. எங்களுள் ஒருவன் ஏறினான், ஏறியவன் தயங்கினான். நீரில் நின்றிருந்த நான், “அஞ்சாதே, பாய்!” என்றேன். நீர் என் மார்பளவே இருந்தது. ஆழத்தை அளந்து காட்டும் கோலாக நானே அங்கு நின்றிருந்தும், அதனை உணர்ந்தேனில்லை. அவன் செங்குத்தாகப் பாய்ந்தான். மேலே வந்தபோது நெற்றியில் குருதி வழிந்தது. கழுத்தில் பட்டையுடன் ஆறு வாரம் படுத்திருந்து அவன் நலம் பெற்றான். நான் சொன்ன அந்த ஒரு சொல் மட்டும் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

இம்மேடை எதற்காக ஏற்பட்டது? 1896-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் போட்டியில் நீச்சல் வீரர்கள் கடலில், படகிலிருந்து குதித்தே போட்டியைத் தொடங்கினர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் தொடக்க மேடை இடம்பெற்றது. நீரைக் கிழித்துச் செல்வதினும் காற்றில் செல்வது எளிது. ஆதலின் உயர்ந்த இடத்தில் நின்று, கால்களால் உந்தி, முன்னோக்கிப் பறப்பவன் தொடக்கத்திலேயே வேகம் பெறுகிறான். மேடையின் பயன் இவ்வளவே. அது விளையாட்டுக்காகக் குதிக்கும் இடம் அன்று.

உலக நீர் விளையாட்டுக் கூட்டமைப்பு இதற்கு அளவுகள் வகுத்துள்ளது. மேடை நீர்மட்டத்திற்கு மேல் 0.5 மீட்டர் முதல் 0.75 மீட்டர் வரை உயர்ந்திருக்கலாம். அதன் பரப்பு வழுக்கலாகாது. சாய்வு 10 பாகைக்கு மேற்படலாகாது. விசைப்பலகைபோல் துள்ளவும் கூடாது. மேடையுள்ள குளத்தில், சுவரிலிருந்து 1 மீட்டர் தொடங்கி 6 மீட்டர் வரையில் நீர் குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் இருத்தல் வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 1 மீட்டர் உயரமுள்ள விசைப்பலகையின் கீழ் 3 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வேண்டும் என்கிறார்கள். முக்கால் மீட்டர் மேடைக்கு மட்டும் 1.35 மீட்டர் எங்ஙனம் போதும்? விடை பாய்ச்சலின் திசையில் இருக்கிறது. பயின்ற வீரன் கீழ்நோக்கி விழுவதில்லை, முன்னோக்கிச் செல்கிறான். மேடையிலிருந்து சுமார் 3 மீட்டருக்கு அப்பால், கையும் தலையும் இடுப்பும் காலும் ஒரே துளையின் வழியே நுழைவதுபோல் நீருள் புகுந்து, உடனே மேலெழுகிறான். அவனுடைய திறமையை நம்பியே அந்த ஆழம் குறிக்கப்பட்டது.

பயிலாதவன் நிலை வேறு. 1.25 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள், கீழே வரும்போது வினாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகம் பெறுகிறது. மேடைமேல் குனிந்து நிற்பவனுடைய உடலின் நடுப்பகுதி ஏறத்தாழ அவ்வுயரத்தில்தான் உள்ளது. செங்குத்தாக விழுந்தால், நீர் அவ்வேகத்தைத் தணிக்கும் முன்னரே தலை தரையை எட்டிவிடும். பின்னே வரும் உடலின் எடை முழுவதையும் கழுத்தின் ஏழு சிறிய எலும்புகள் தாங்க வேண்டும். அவை முறிந்து, உள்ளே செல்லும் தண்டுவடம் அறுந்தால், கையும் காலும் செயலற்றுப் போகும். முறிந்த எலும்பு கூடும். அறுந்த தண்டுவடம் எலும்பைப்போல் கூடுவதில்லை.

எனவே, தேர்ந்தவனைவிடக் கற்பவனுக்கே அதிக ஆழம் வேண்டும். அமெரிக்க நாட்டு நீச்சல் அமைப்பின் விதி இதனை நன்கு காட்டுகிறது. போட்டியில் மேடையிலிருந்து பாய 4 அடி ஆழம் போதும் எனக் கொள்ளும் அவ்விதி, பாயக் கற்பிப்பதற்கு 6 அடி ஆழம் வேண்டும் என்கிறது.

இக்காரணத்தை அறிந்தபின் மற்ற விதிகள் தாமே விளங்கும். முதலில் ஆழமான பக்கத்தில், கரையில் அமர்ந்தும் நின்றும் பாயப் பழகுக. மேடை அதன் பின்னரே. ஏறுமுன் சுவரில் எழுதிய ஆழத்தைப் படியுங்கள். எதிரே எவரும் நீந்தவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். மேடையின் விளிம்பைக் கால்விரலால் பற்றுங்கள். நீட்டிய இரு கைகளையும் தலைக்குமுன் சேர்த்துப் பிடித்து, நீருள்ளும் பிரிக்காதிருங்கள். கைகளே தலைக்குக் காவல். கரணம் அடித்தலும், பின்புறமாகக் குதித்தலும், ஒருவரை ஒருவர் தள்ளுதலும் ஆகா. எவரேனும் அடிபட்டால் அவரை இழுத்துத் தூக்காதீர்கள். முகம் நீருக்கு மேல் இருக்குமாறு, தலையையும் கழுத்தையும் உடலோடு நேராகத் தாங்கியபடியே உயிர்காப்பாளரை அழையுங்கள்.

இறுதியாக ஒன்று. மேடையில் நின்று தயங்குபவனைப் பார்த்து நகையாடாதீர்கள். அந்தத் தயக்கம் அச்சமன்று. அறிவு பேசும் குரல். என் நண்பன் அன்று அதனைக் கேட்டான். நான் அதனை அடக்கினேன். உங்கள் நண்பன் தயங்கும் நாளில், “பாய்” என்று சொல்லாமல், “இறங்கி வா, முதலில் ஆழத்தைப் பார்ப்போம்” என்று சொல்லுங்கள்.